பூனையை உள்ளே விட்ட கச்சேரி

மைக்கைக் கையால் தட்டிப் பார்ப்பவனுக்கும் அதற்குள் ஊதிப் பார்ப்பவனுக்கும் எங்கள் கடையில் வேலை கிடையாது. முதலாளி கண்ணையா ஒரு தீப்பெட்டியை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதன் பக்கவாட்டில் நகத்தால் ஒரே ஒரு முறை சுரண்டுவார். அந்தச் சுரண்டல் மண்டபத்தின் கடைசி வரிசையில் சுரண்டலாகவே கேட்க வேண்டும். மணல் கொட்டுவது போலக் கேட்டாலும் தப்பு, கேட்காமல் போனாலும் தப்பு. இருபத்தெட்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். மைக் முன்னால் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. எங்களையும் திறக்க விட்டதில்லை.

இடது காது மந்தமாகிவிட்டதால் போன வருஷம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது மைக் செட்காரர் சங்கத்து நண்பர்கள் இருவர் வந்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். மெல்லிசைக் குழு ஒவ்வொன்றிலும் மின்சார ஆர்கன் வந்துவிட்டது. சில சபாக்களில் தம்பூராவின் இடத்தில் சின்னப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "வாசிக்கிறவர் என்ன செய்கிறார் என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். நாம் என்ன செய்வது?" என்பது அவர்கள் கேள்வி. நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவன், பிழை இருந்தால் மலர்க்குழுவினர் திருத்திக்கொள்ளட்டும்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதல்ல. மயிலாப்பூரில் முதலாளியின் கடையில் சேர்ந்தேன். முதல் நாலு வருஷம் குழாய் ஸ்பீக்கர்களைத் தோளில் சுமந்து மரத்திலும் கம்பத்திலும் கட்டினேன். கல்யாணம், தேர்தல் கூட்டம், கோயில் திருவிழா எல்லாம் பார்த்த பிறகுதான் சபாக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். சபா வேலையில் எங்களுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. மின்சாரக் கம்பியிலிருந்து ஆம்பிளிஃபயருக்குள் புகுந்து, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் கேட்கும் உறுமல். முதலாளி அதற்குப் பூனை என்று பேர் வைத்திருந்தார்.

"பூனை கீது நைனா. தேடு" என்பார். அவ்வளவுதான்.

நான் தேடுவேன். மைக் கம்பியும் கரண்ட் கம்பியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடினால் பிரித்து, குறுக்கே கடக்கும்படி போடுவேன். பிளக்கைத் திருப்பிச் சொருகுவேன். எர்த் குழாய் காய்ந்திருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றுவேன். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். முதலாளி அதுவரை வெற்றிலை போடாமல் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பூனை போனதும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்வார். அதுதான் எனக்குக் கிடைக்கும் பாராட்டு.

"மைக்காரன் ஜனங்க கண்ணுல பட்டான்னா எதுவோ தப்பு நடந்துபோச்சின்னு அர்த்தம்" என்று அவர் சொல்வார். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஊரூர் குப்பத்துக் கோயில் திருவிழாவில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு விதை அங்கேதான். மெல்லிசைக் குழு ஒன்று புதிதாக ஓர் ஆர்கன் கொண்டுவந்திருந்தது. அழகுக்காக அதன் முன்பக்கம் முழுவதும் ஜிகினாத் துணி கட்டியிருந்தார்கள். வாசித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒலி சிறிதாகவும் பெரிதாகவும் மாறி மாறி அலை போல வந்தது. ஜனங்கள் வாசித்தவரைப் பார்க்கவே இல்லை, என் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள்.

மீன் விற்கும் ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"இன்னாய்யா, குந்திக்கினு சிரிச்சிக்கினே கீற. சத்தம் மட்டும் ஏறுது எறங்குது. யாரு உள்ள?"

"யாரும் இல்லம்மா, நான்தான்."

"நீயா? கையி அப்பிடியே கீது!"

சொல்லிக்கொண்டே துணியை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். உள்ளே அவர் வலது கால் ஒரு மிதிகட்டையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. அதுதான் ஒலியை ஏற்றி இறக்கியது. "அடப்பாவி, தையல் மிஷினு!" என்று அவள் கத்தினாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. குழுத் தலைவருக்குக் கோபம். ஆனால் அதற்குப் பிறகு ஜனங்கள் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்தார்கள். கால் அழுத்தும்போதெல்லாம் விசில் பறந்தது. அதுவரை வராத விசில். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காலையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கோமதி அம்மாள் வந்தார்.

தியாகராய நகரில் ஓர் இசைப் பள்ளியில் வீணை சொல்லிக்கொடுத்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அத்தை மகன் ரங்கநாதன் ஒரு எஞ்சினியர். ரிச்சி தெருவில் உதிரிச் சாமான் வாங்கி, அடையாற்றில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு கருவி செய்திருந்தார். ஹார்மோனியத்தைவிட நீளமான பிளைவுட் பெட்டி. மேலே பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். வலது கை விரலால் தொட்டால் சுரம் வரும். இடது கை, பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாக மணிக்கட்டு வரை பெட்டிக்குள் போய்விடும். உள்ளே ஒரு எஃகுப் பட்டை. அதை அழுத்தினால், அசைத்தால் சுரம் வளையும், நெளியும். வீணையில் இடது கை தந்தியை இழுத்துச் செய்யும் கமகத்தை அந்தப் பட்டை செய்தது. ஒரு சுவிட்சைத் தட்டினால் பெட்டியே சுருதியும் போட்டுக்கொள்ளும், தம்பூரா வேண்டாம். எஞ்சினியர் அதற்கு ஒரு சமஸ்கிருதப் பெயர் வைத்திருந்தார். அது யார் வாயிலும் நிற்கவில்லை. எல்லோருக்கும் அது பெட்டிதான்.

இசைப் பள்ளித் தலைவர், வீணையா பெட்டியா என்று தீர்மானித்துக்கொள்ளச் சொன்னாராம். கோமதி அம்மாள் பெட்டி என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டார். மயிலாப்பூர் சபா ஒன்றின் செகரட்டரி பகல் நாலு மணிக் கச்சேரி ஒன்று கொடுத்தார். மைக் எங்களுடையது.

அந்த முதல் கச்சேரிக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். அவர் நன்றாகத்தான் வாசித்தார், என் காதுக்குத் தெரியும். வர்ணம் முடிந்ததும் கைதட்டல் பிசுபிசுத்துப் போயிற்று. மூன்றாவது வரிசையில் வெள்ளி வெற்றிலைப் பெட்டியோடு ஒரு பெரியவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். தொடையில் தாளம் போட ஆரம்பித்தவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

"டேப்பு நன்னாத்தான் பாடறது. அந்தப் பொண்ணு எதுக்குப் பக்கத்துல ஒக்காந்துண்டிருக்கா?"

"உள்ள கையை விட்டுண்டிருக்காளே, டேப்பைச் சுத்தறா ஓய்."

சிரிப்பு பரவியது. சாதாரணமாக மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது காண்டீனுக்குப் போகிற கூட்டம் அன்று இரண்டாவது உருப்படியிலேயே எழுந்துவிட்டது. முடிந்தபோது பதினெட்டுப் பேர் மிச்சம்.

கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோமதி அம்மாள் என்னிடம் வந்தார்.

"மாணிக்கம், நான் வாசிக்கறச்சே குனிஞ்சுண்டு இருக்கேன். நீங்க அவாளையே பாத்துண்டிருந்தேள். என்ன பாத்தேள்?"

எந்தக் கலைஞரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "சத்தம் போதுமா" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். "ஸ்பீக்கரைப் பார்த்தாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஒரு பெரிய விஷயம் போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அதுதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம், கையில் வேலை இல்லாத நேரமெல்லாம் மற்றக் கச்சேரிகளில் போய் ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாக அவர்கள் முன்னால் இருந்தும் அப்படிப் பார்த்தது கிடையாது. ஒரு வீணைக் கச்சேரியில் இதைக் கண்டேன்: வாசிப்பவரின் இடது கை தந்தியை இழுக்கத் தொடங்கும்போதே முன்வரிசைத் தலைகளும் சாயத் தொடங்குகின்றன. ஒலி வந்து சேரும்போது தலை பாதி வழி போயிருக்கிறது. கை முதலில் சொல்லிவிடுகிறது. காது அதைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால் "பலே" வருகிறது.

எங்கள் சபா மண்டபத்தில் நடுவே இரண்டு பெரிய தூண்கள் உண்டு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு மேடை தெரியாது. அவர்களையும் கவனித்தேன். அவர்கள் தலை ஆட்டுவது மற்றவர்களைவிட அரை மூச்சு பிந்தியது. காண்டீனுக்கு முதலில் எழுந்தவர்களும் அவர்களே. ஒருநாள் நானே தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நன்றாகப் பழகிய வாசிப்பு, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் என் மனம் வீட்டுக் கூரை ஒழுகுவதற்குப் போய்விட்டது.

அன்று புரிந்தது. கோமதி அம்மாள் கச்சேரியில் மண்டபம் முழுவதுமே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

ஒரு கம்பியைத் திருப்பித் தருகிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் கண்டதையும் குப்பத்து அம்மாள் துணியை இழுத்த கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாங்கோ" என்று அப்போதே என்னை அடையாற்றுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

எஞ்சினியர் ரங்கநாதன் நல்ல மனிதர். கேள்வி கேட்டால் மகிழ்ந்துபோவார். உள்ளே சின்னச் சின்னச் சில்லுகள் ஒரு துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும், இத்தனை துடிப்புக்கு ஒரு தட்டு என்று எண்ணினால் ச, வேறு எண்ணிக்கையில் தட்டினால் ப என்று விளக்கினார். "டிஜிட்டல்" என்றார். விரலை வைத்து எண்ணுவதுதான் அந்தச் சொல்லின் மூலம் என்றும் சொன்னார். எண்ணுவதை நான் புரிந்துகொண்டேன்.

"இடது கை அழுத்தினா எண்ணிக்கை மாறுதா சார்?"

"எண்ணிக்கை மாறாது ஓய். எண்ணப்படற துடிப்பு வேகமாறது. எல்லாச் சுரமும் சேந்து மேல ஏறும். ஒரு குமிழும் வெச்சிருக்கேன், அதைத் திருகினா மொத்தச் சுருதியும் எங்க வேணா போகும்."

இவ்வளவு அழகான விஷயத்தை ஏன் பெட்டிக்குள் ஒளித்தார், கை தெரிய ஒரு ஜன்னல் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து உட்புறம் முழுக்க ஒட்டியிருந்த அலுமினியத் தகட்டைக் காட்டினார். வெளி மின்சாரம் உள்ளே வராமல் இருக்க அது கவசம்.

"இதுல ஜன்னல் வெச்சா கவசம் எதுக்கு? அது ஜன்னல் இல்லை, ஓட்டை."

"ரங்கா, அறுத்துடு" என்றார் கோமதி அம்மாள். "என் கை என்ன பண்றதுன்னு அவா பாக்கணும்."

முன்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தோம். அறுத்தெடுத்த தகட்டைத் திரும்ப மூட வேண்டியிருந்தால் என்று நாலு திருகாணிகளோடு எடுத்து வைத்தார் எஞ்சினியர். கருவியைப் போட்டுப் பார்த்தோம். துளி உறுமல் இல்லை. எனக்கு ஒரே பெருமை.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கருவியை அது ஒலிக்கப்போகும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது முதலாளியின் பாலபாடம். எஞ்சினியரின் கொட்டகையில் எரிந்தது ஒரே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. எங்கள் சபா மண்டபத்தில் பன்னிரண்டு டியூப் லைட்டுகள், ஒவ்வொன்றின் சோக்கும் ஒரு பூனை. பூனை பிடித்தே பிழைத்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

செகரட்டரி இன்னொரு நாலு மணிக் கச்சேரி கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இதான் கடைசி. இந்தத் தடவையும் ஹால் காலியாச்சுன்னா, இனிமே இங்க மட்டும் இல்லே, எந்தச் சபாவும் பொட்டிக்கு எடம் தராது. நானே சொல்லிடுவேன்." கோமதி அம்மாளுக்குத் திரும்பிப் போகப் பள்ளியும் இல்லை.

கச்சேரி நாள் இரண்டரை மணிக்கு எல்லாவற்றையும் இணைத்தேன். இரண்டு பக்கச் சுவரில் இருந்த ஸ்பீக்கர்களில் ஒன்றை எடுத்து அவர் அருகிலேயே, பெட்டிக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். ஒலி வரும் இடமும் கை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும் என்று. பிறகு ஆம்பிளிஃபயரைப் போட்டேன். மேடைப் பலகை அதிர்ந்தது.

முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். வழக்கம்போல் மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முறை கைதட்டிப் பார்க்க வந்தவர் முதல் மூலையிலேயே நின்றுவிட்டார்.

"பூனை இல்ல நைனா இது. எரும."

நேராகப் பெட்டியிடம் வந்தார். ஜன்னலைப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். மேலே டியூப் லைட்டுகளைப் பார்த்தார். அவருக்கு அரை நிமிஷம் போதும்.

"தகடு எங்க?"

"பையில இருக்கு."

"மூடு."

திருப்புளி என் கையில் இருந்தது. நான் மூடவில்லை. "மூடினா போன தபா மாதிரியே ஆயிடும் முதலாளி" என்றேன். அவர் சொல்லுக்கு நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"போன தபா இன்னா ஆச்சி? சத்தம் சுத்தமா இருந்திச்சி. அதான் நம்ம வேல. அப்பால ஜனம் குந்துனா இன்னா, எழுந்து போனா இன்னா? உறுமிச்சின்னா கண்ணையா கடை உறுமுதும்பான்."

அவர் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. கோமதி அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தகட்டைப் போட்டா நான் திரும்பத் தூணுக்குப் பின்னாடி போயிடுவேன், இல்லையா மாணிக்கம்?" என்றார். கெஞ்சவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் இருந்த சுவிட்ச் பலகைக்குப் போனேன். டியூப் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் உறுமல் ஒரு படி இறங்கியது. பன்னிரண்டும் அணைந்தபோது மண்டபம் அரையிருட்டாகிவிட்டது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் கொஞ்சம் வெயில். எருமை மறுபடி பூனையாகியிருந்தது. ஆனால் பூனை போகவில்லை. மற்றக் கம்பிகளிலிருந்து வருவது, அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

"இருட்டுல கச்சேரியா? இன்னா, சினிமாக் காட்றியா?" என்றார் முதலாளி. பிறகு தோளில் இருந்த துண்டை உதறினார். "சரி. இன்னிக்கி நான் இங்க இல்ல. நீயே பாத்துக்க."

மேடையை விட்டு இறங்கி, ஜனங்கள் உட்காரும் நாற்காலிகளுக்குள் போனார். கச்சேரி நேரத்தில் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தூணுக்குப் பின்னால், மேடை தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கடைவீதிக்கு ஓடி ஒரு அறுபது வாட் குண்டு பல்பு வாங்கிவந்தேன். குண்டு பல்பு உறுமாது. அதை ஜன்னலுக்கு மேலே, கோமதி அம்மாளின் இடது கையில் வெளிச்சம் விழும்படி கட்டினேன்.

நாலு மணிக்கு எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் போன தடவை டேப் என்ற கதையைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சபாக் கச்சேரியில் யாரும் விளக்கை அணைப்பதில்லை. பாடுகிறவர் ரசிகர் முகத்தைப் பார்க்க வேண்டும், ரசிகர் பக்கத்து ரசிகர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"லைட்டைப் போடுங்கோ!"

"பக்கத்துல யாரு இருக்கான்னே இருட்டுல எப்படி ஓய் பாக்கறது?"

"மைக் செட்டு தூங்கறான் போலருக்கு!"

செகரட்டரி சுவிட்ச் பலகையை நோக்கி நடந்தார். அவர் விளக்கைப் போட்டால் எருமை வந்துவிடும். எஞ்சினியர் வேர்த்துப்போய் ஓரத்தில் நின்றார். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார். கோமதி அம்மாள் தன் முன்னால் இருந்த அறிவிப்பு மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த மைக்கை உயரம் பார்த்து வைத்துக் கொடுத்தவன் நான். "எனக்குப் பேச வராதும்மா" என்று சொல்லிக்கொண்டே வாங்கினேன். என் மூச்சு எனக்கே ஸ்பீக்கரில் கேட்டது.

"லைட்டைப் போட்டா இந்தக் கருவியில உறுமல் வருதுங்க" என்றேன். "மூடி வெச்சிருந்தா வராது. உங்களுக்குத் தெரியணும்னு தொறந்தோம். அம்மாவோட இடது கையைப் பாருங்க. அது அசைஞ்சாத்தான் சுரம் அசையும்."

கோமதி அம்மாள் வலது விரலால் ஒரே ஒரு தகட்டைத் தொட்டு, இடது கையைத் தூக்கிக் காட்டினார். குச்சி போல நேரான ஒரு சுரம். பிறகு இடது கையைப் பட்டையில் வைத்தார். குச்சி நெளிந்தது. கையைத் தூக்கினார், நேரானது. வைத்தார், நெளிந்தது. செகரட்டரி சுவிட்ச் பலகை அருகில் கையைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார்.

மூன்றாவது வரிசைப் பெரியவர் வெற்றிலைப் பெட்டியைப் படக்கென்று மூடினார்.

"அது சரி. லைட்டைத்தான் அணைச்சாச்சே, இப்பவும் ம்ம்ம்னு ஒரு சத்தம் வரதே, அது யாரு?"

"கரண்டு சார்" என்றேன். "என்னால எடுக்க முடியல."

மண்டபமே சிரித்தது. பூனையை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டேன். தூணுக்குப் பின்னால் முதலாளியின் முழங்கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கோமதி அம்மாள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியின் சுருதிச் சுவிட்சை அணைத்தார். ஒரு தகட்டில் விரலை வைத்துக்கொண்டு குமிழை மெதுவாகத் திருகினார். அவருடைய ச கீழே இறங்கி வந்தது. உறுமலை நோக்கி வந்தது. கிட்டே வந்தபோது இரண்டு ஒலியும் ஒன்றோடு ஒன்று மோதி வண்டு போலத் துடித்தன.

"இன்னும் துளி" என்றார் பெரியவர், தன்னை அறியாமல்.

திருகினார்.

"தாண்டிட்டேள்!" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

திரும்பி வந்தார். துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நின்றது. உறுமலைக் காணவில்லை. அது அவருடைய சுருதியாகிவிட்டிருந்தது.

"சேந்துடுத்து" என்றார் பெரியவர். "அஞ்சு கட்டை."

மிருதங்கக்காரர் கல்லை எடுத்து வாரைத் தட்டிச் சேர்க்கத் தொடங்கினார். எண்பது பேரும் அதை மூச்சுவிடாமல் கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் கச்சேரியில் சுவிட்சைத் தட்டியதும் சுருதி தயாராக வந்துவிட்டது. சேர்த்ததை யாரும் பார்க்கவில்லை. சேராமல் இருந்து சேர்ந்த பிறகுதான் இவர்களுக்கு அது கருவி.

பிறகு அவர் கல்யாணி எடுத்தார். இருட்டில் அந்தக் கை மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தது. பட்டையை அழுத்தும்போது நரம்பு புடைப்பது தெரிந்தது. அரையிருட்டில் தலைகளை எண்ணிப் பார்த்தேன், கையோடு சேர்ந்து சாய்ந்தன. முதல் "பலே" எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தனி ஆவர்த்தனத்துக்கு இருபது பேர் காண்டீனுக்குப் போனார்கள். அது எப்போதும் போகிற கணக்குதான். நடுவில் ஒருமுறை தூணைப் பார்த்தேன். முழங்கால் இல்லை. முதலாளி தன் நாற்காலியைத் தானே தூக்கி, இரண்டு அடி தள்ளி, மேடை தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பெரியவர் மேடைக்கு வந்து பட்டையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். தொட்டார். பெட்டி கழுதை போலக் கத்தியது. "நமக்கு வெத்திலை போறும்" என்று இறங்கிப் போனார். செகரட்டரி அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார், நாலு மணிதான். கோமதி அம்மாள் என்னிடம், "மாணிக்கம், பேச வராதுன்னேளே" என்றார். நான் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதலாளி எனக்கு முன்னால் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். மறுநாள் காலையில் கடையில் சாமான் பெட்டியைத் திறந்தேன். மைக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு அறுபது வாட் பல்பும் ஹோல்டரும் பத்து கஜம் கம்பியும் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. நான் வைக்கவில்லை.

எஞ்சினியர் அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். ஜன்னலில் மெல்லிய செப்பு வலையை அடித்து எர்த்தோடு இணைத்தார். கை தெரிந்தது, உறுமல் போய்விட்டது. அடுத்த மாதக் கச்சேரியில் பன்னிரண்டு டியூப் லைட்டுகளும் எரிந்தன. பல்பையும் போட்டோம். முதலாளி வழக்கமான இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தீப்பெட்டியைச் சுரண்டினார். பூனை இல்லை, வாலும் இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது.

கோமதி அம்மாள் சுருதிச் சுவிட்சைத் தட்டினார். மூன்றாவது வரிசையில் பெரியவர் எழுந்து நின்றார்.

"ஏம்மா, அன்னிக்கு ஒரு சுருதி இருந்துதே, நாமெல்லாம் சேந்து சேத்தோமே, அது எங்கே?"

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள் அதையே கேட்டன. கோமதி அம்மாள் சிரித்துக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டுக் குமிழில் கை வைத்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷமாகப் பூனை விரட்டிய மனிதர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னா நைனா, பூனைய எங்க உட்டுட்டு வந்த?"